கப்பல் போய்விட்டது, விசிறி மட்டும் நிற்கிறது

கேள்வி, மார்ச் 2

லிவர்பூல் துறைமுகக் கரையில் லூசிடானியா கப்பலின் புரொப்பெல்லரை வைத்திருக்கிறார்கள். போன மாதம் பார்த்தேன். மழையில் நனைந்து, பழுப்பேறி, கேட்பாரில்லாமல் நிற்கிறது. கப்பல் இல்லை, இன்ஜின் இல்லை, விசிறி மட்டும். அதில் பார்க்க என்ன இருக்கிறது? வைத்ததுதான் வைத்தார்கள், பாலிஷ் போட்டுப் பளபளவென்று வைக்கக்கூடாதா? சிங்கப்பூரில் இருந்தால் இப்படி விட்டிருப்போமா?

மார்ச் 2, இரவு 11.20

விட்டிருக்க மாட்டோம். தங்கக் கலரில் பெயின்ட் அடித்து, சுற்றிலும் சங்கிலி கட்டி, கீழே பூச்செடி வைத்திருப்போம். கேலிக்குச் சொல்லவில்லை. அப்படி ஒன்று இந்த ஊரில் நிற்கிறது. எந்தக் கட்டட வாசல் என்று சொல்ல மாட்டேன்.

நான் செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் 31 வருஷம் இருந்தவன். அதில் பாதிக்கு மேல் புரொப்பெல்லர், அதைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட், சுக்கான் வேலை. பாலிஷ் போட்டால் என்ன என்கிறீர்கள். தாராளமாகப் போடலாம். போட்ட பிறகு அது எந்தக் கப்பலில் ஓடியது என்பதற்கு அறிவிப்புப் பலகையைத் தவிர வேறு சாட்சி இருக்காது. இதழில் விழுந்த குழி, ஓரத்து நெளிசல், வெல்டிங் தழும்பு, இதழ்கள் சேரும் நடுக் குடத்தில் அடித்த எண்கள் எல்லாம் கிரைண்டர் கல்லோடு போய்விடும்.

நடுக் குடத்தை யார்டில் 'பாஸ்' என்போம். மேலே ஆபீசில் இருந்தவரும் பாஸ்தான். இந்த பாஸ் மட்டும் எங்களோடு சேர்ந்து சுற்றும்.

மார்ச் 3, காலை 6.50

லூசிடானியா பற்றி நேற்றே சொல்லியிருக்க வேண்டும். அந்த விசிறி லிவர்பூலில் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. 1907 செப்டம்பரில் அந்தக் கப்பல் முதல் பயணம் கிளம்பியது அங்கிருந்துதான். நான்கு ஷாஃப்ட், நீராவி டர்பைன், அந்தக் காலத்து அசுர வேகம். 1915 மே 7 அன்று அயர்லாந்தின் தெற்குக் கரையோரம் யு-20 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி ஒரே ஒரு டார்ப்பிடோ விட்டது. 18 நிமிடத்தில் முழுகிப்போனது. ஏறக்குறைய 1,200 பேர் செத்தார்கள். கப்பலில் வேலை பார்த்தவர்களில் நிறையப் பேர் லிவர்பூல்காரர்கள். இப்போதும் வருஷா வருஷம் மே 7 வந்தால் அந்த விசிறியின் பக்கத்தில் நின்றுதான் அஞ்சலி செலுத்துகிறார்கள். கேட்பாரில்லாமல் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் போனது தப்பான மாதம்.

1982ல் நான்கு விசிறியில் மூன்றைக் கடலடியிலிருந்து எடுத்தார்கள். ஒன்று லிவர்பூலில். இன்னொன்று அமெரிக்காவில், டல்லாஸ் நகரத்து ஹோட்டல் ஒன்றில். மூன்றாவதை உருக்கிக் கோல்ஃப் மட்டை செய்துவிட்டார்கள். ஆமாம், கோல்ஃப் மட்டை. நான்காவது இன்னும் கப்பலோடு கீழே கிடக்கிறது.

கப்பலோடு பிறந்து, கப்பலோடு முழுகி, அது மட்டும் மேலே வந்திருக்கிறது. இதற்குப் போய் பாலிஷா?

மார்ச் 3, மதியம் 1.15

'கப்பலோடு பிறந்து' தப்பு. ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். 1907ல் இருந்தவை மூன்று இதழ் விசிறிகள். 1909ல் அவற்றைக் கழற்றி நான்கு இதழ் விசிறிகளைப் போட்டார்கள். லிவர்பூலில் நிற்பது அந்த இரண்டாவது செட். கப்பலோடு பிறந்ததில்லை, இரண்டு வருஷம் கழித்து வீட்டுக்கு வந்த மருமகள்.

காலையில் கோப்பி குடிக்குமுன் எழுதக்கூடாது.

மார்ச் 3, இரவு 10.05

'வெண்கல விசிறி என்று பலகையில் போட்டிருக்கிறது, வெண்கலமா பித்தளையா?' என்று கேட்டிருக்கிறார் ஒருவர். வெண்கலம் என்றால் செம்பும் தகரமும். கோயில் மணி அந்தச் சாதி. பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். பழைய கப்பல் விசிறிகளுக்கு ஊற்றியது மாங்கனீஸ் பிரான்ஸ். பெயரில்தான் வெண்கலம். உள்ளே செம்பு கிட்டத்தட்ட 58 பங்கு, துத்தநாகம் 40 பங்கு, மீதிக்கு மாங்கனீஸ், இரும்பு, அலுமினியம் கொஞ்சம் கொஞ்சம். குணத்தில் பித்தளை. இப்போது வருகிறவை பெரும்பாலும் நிக்கல் அலுமினியம் கலந்தவை, துத்தநாகத்துக்கு வேலையே இல்லை.

இதைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றால், பழசில் ஒரு வியாதி உண்டு. உப்புத்தண்ணீரில் வருஷக்கணக்கில் கிடந்தால் துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறிவிடும், செம்பு தங்கிவிடும். அந்த இடம் வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்திருக்கும். வடிவம் மாறாது. உள்ளே பஞ்சு. சுத்தியலால் தட்டினால் மற்ற இடம் 'ணங்' என்னும், அங்கே மட்டும் 'தொப்' என்னும். நாங்கள் கண்ணை நம்பியதைவிடக் காதை நம்பியதுதான் அதிகம். பாலிஷ் போட்டால் முதலில் காணாமல் போவது அந்தச் சிவப்பு.

மார்ச் 5, மாலை 7.30

தங்கக் கலர் விசிறியைப் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். இடம் சொல்ல மாட்டேன், விஷயத்தைச் சொல்கிறேன்.

பேரனோடு போனேன். தூரத்திலிருந்து பார்க்கும்போதே வயிற்றில் என்னவோ செய்தது. கிட்டே போனேன். திருப்பி மாட்டியிருக்கிறார்கள்.

விசிறியின் நடு ஓட்டை நேர்க்குழாய் கிடையாது, கூம்பு. கப்பல் பக்கம் பெரிய வாய், வெளிப்பக்கம் சின்ன வாய். ஷாஃப்ட்டும் அதே கூம்பு. பின்னாலிருந்து ஏற்றி, இறுக்கி, நட்டு போட்டு, மேலே ஒரு தொப்பியை மூடினால் முடிந்தது. ஆக தொப்பி எப்போதும் சின்ன வாய்ப் பக்கம். இவர்கள் பெரிய வாயில் தொப்பியை வைத்திருக்கிறார்கள். பொருந்துமா? சுற்றிலும் கை நுழையும் இடைவெளி. அதில் சிமென்ட்டைப் பூசி, அதன் மேலும் தங்கம் அடித்திருக்கிறார்கள். விரலால் தொட்டுப் பார்த்தேன், பொடி உதிர்ந்தது. குடத்தின் மேல் எண் அடித்த இடத்தைத் தடவினேன். பெயின்ட் மூன்று கோட் இருக்கும், 7 மாதிரி ஒன்று தட்டுப்பட்டது, அவ்வளவுதான்.

காவலாளி வந்தார். சொல்லலாம் என்று வாயெடுத்தேன். 'அங்கிள், போட்டோ எடுக்கணுமா? நான் எடுத்துத் தரேன்' என்றார். எடுத்தும் தந்தார். நல்ல மனுஷன். அந்தப் படத்தில் நான் பல்வலிக்காரன் மாதிரி நிற்கிறேன்.

கையோடு இன்னொன்று. விசிறி வலக்கையா இடக்கையா, அதாவது ஸ்க்ரூ மரை மாதிரி வலம் திரும்பியதா இடம் திரும்பியதா என்று நீங்களே பார்க்கலாம். எதிரே நின்று மேல்நோக்கி நிற்கும் இதழைப் பாருங்கள். அதன் வலது ஓரம் உங்களைவிட்டுத் தள்ளிப் போயிருந்தால் வலக்கை. இடது ஓரம் தள்ளியிருந்தால் இடக்கை. கப்பலின் பின்பக்கம் நிற்பதாக நினைத்துப் பார்க்க வேண்டும், முன்பக்கம் போய் நின்றால் தலைகீழாகிவிடும். ஒற்றை விசிறிக் கப்பல் என்றால் பெரும்பாலும் வலக்கை. எங்கள் யார்டு புல்தரையில் ரொம்ப நாள் ஒன்று கிடந்தது, பெரிய கப்பல்களை இழுக்கும் பழைய டக் போட்டுடையது, அதுவும் வலக்கை. பின்னால் அதை யாரோ வெட்டி எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

மார்ச் 6, காலை 8.10

'முன்பக்கம் போய் நின்றால் தலைகீழ்' என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் பணிவாகத்தான் கேட்டார், 'அங்கிள், ஸ்க்ரூவைத் திருப்பிப் பிடித்தால் மரை மாறுமா?' மாறாது. வலமரை எந்தப் பக்கம் பிடித்தாலும் வலமரை. வீட்டில் இருந்த மர ஸ்க்ரூவை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். பிறகு மேஜை விசிறியின் கூண்டைக் கழற்றி முன்னும் பின்னும் பார்த்தேன். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் கேட்கவில்லை.

சுற்றுகிற திசைதான் பார்க்கும் பக்கத்தைப் பொறுத்து மாறும். கை மாறாது. மேல் இதழ், வலது ஓரம் தள்ளியிருந்தால் வலக்கை. எந்தப் பக்கம் நின்றாலும் இதே கணக்கு. ஆகத் திருப்பி மாட்டிய தங்க விசிறியிலும் இதை மட்டும் யாராலும் கெடுக்க முடியவில்லை.

31 வருஷம்.

மார்ச் 6, காலை 8.25

தம்பிக்கு: அங்கிள் வேண்டாம், அண்ணன் போதும்.

மார்ச் 9, இரவு 9.40

கோயில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அதை மட்டும் பச்சை பிடிக்க விடுகிறோமா என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். இரண்டு நாளாக இதையே யோசிக்கிறேன். நல்ல அடி.

எனக்குத் தோன்றியது இவ்வளவுதான். விளக்கு வேலையில் இருக்கிறது. வேலையில் இருக்கிற எதையும் தேய்க்க வேண்டும். ஓடுகிற கப்பலின் விசிறியையும் தேய்க்கிறார்கள். நம்ம கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு அடியில் முக்குளிப்பவர்கள் இறங்கி, தண்ணீருக்குள்ளேயே பாலிஷ் போடுகிறார்கள். பாசியும் சிப்பியும் ஒட்டிய விசிறி எண்ணெயைக் குடிக்கும். அதில் ஆகிற செலவுக்கு முன்னால் முக்குளிப்பவர் கூலி ஒன்றுமே இல்லை.

ஓய்வு பெற்றதை எதற்குத் தேய்க்க வேண்டும்? என்னை யாரும் தேய்ப்பதில்லை.

ஆனால் அக்கா சொன்னதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஊரில் எங்கள் கோயில் உற்சவரின் முகம் அபிஷேகத்தில் தேய்ந்து மூக்கே மழுங்கிவிட்டது. அதே காலத்துச் சோழர் செப்புத் திருமேனிகளை இங்கே ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் பார்த்தேன். பச்சையும் கறுப்புமாக, புருவக் கோடுகூடத் தெரிகிறது. எது உயிரோடு இருக்கிறது என்று கேட்டால் என் அம்மா மூக்கு மழுங்கியவரைத்தான் சொல்லியிருப்பார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. விசிறிக்கு மட்டும் பதில் வைத்திருக்கிறேன்.

அதே அருங்காட்சியகத்தில் 9ஆம் நூற்றாண்டில் பெலிதுங் தீவருகே முழுகிய கப்பலின் சரக்கும் இருக்கிறது. ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த கப்பல். அங்கேயும் பேரனைக் கூட்டிப் போனேன். விசிறி எங்கே தாத்தா என்றான். இவனை நான்தான் கெடுத்துவிட்டேன்.

மார்ச் 10, மாலை 5.55

குழி குழி என்கிறீர்களே, துருவா என்று கேட்டவருக்கு. துரு இரும்புக்கு. இது வேறு சமாச்சாரம், விசிறி வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது.

விசிறி வேகமாகச் சுற்றும்போது இதழின் முதுகுப் பக்கம் அழுத்தம் குறைகிறது. போதுமான அளவு குறைந்தால் தண்ணீர் சூடே இல்லாமல் கொதித்துக் குமிழாகிவிடும். குமிழ் கொஞ்சம் தள்ளிப் போனதும் அழுத்தம் திரும்ப வரும், குமிழ் நசுங்கும். அந்த நசுங்கல் ஒவ்வொன்றும் ஊசி முனையால் குத்துவது மாதிரி. நொடிக்கு எத்தனையோ ஆயிரம் குத்து. பித்தளை எத்தனை நாள் தாங்கும்? டாக்கில் தண்ணீர் வற்றியதும் ஏணி போட்டு ஏறி இதழின் முதுகைத் தடவுவேன். நல்ல இடம் வாழையிலை. நுனிப் பக்கம் வந்தால் திடீரென்று தேன்கூடு. விரல் நுழையும் ஆழத்துக்குச் சாப்பிட்டிருக்கும். சாப்பிட்ட இடத்தை வைத்தே அந்தக் கப்பலை எப்படி ஓட்டினார்கள், பின்பக்க வடிவம் எங்கே சரியில்லை என்று மூத்த ஃபோர்மன் ஒருவர் ஜோசியம் மாதிரிச் சொல்வார். பெரும்பாலும் பலிக்கும்.

இதைத் தொழில் முதலில் சரியாகக் கற்றுக்கொண்டது டர்பினியாவில். 1894ல் சார்ல்ஸ் பார்சன்ஸ் தன் டர்பைனைக் காட்டுவதற்காக ஒரு சின்னக் கப்பலைக் கட்டினார். இன்ஜினில் குறையில்லை, கப்பல் எதிர்பார்த்த வேகம் போகவில்லை. விசிறி தண்ணீரை விட்டுவிட்டுக் குமிழுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் ஒரு தொட்டி கட்டி, அதற்குள் குட்டி விசிறியைச் சுற்றவிட்டுக் குமிழைக் கண்ணால் பார்த்தார். பிறகு ஒரே ஷாஃப்ட்டை மூன்றாக்கி, ஒவ்வொன்றிலும் மூன்று விசிறி, மொத்தம் ஒன்பது. 1897ல் விக்டோரியா மகாராணியின் வைர விழாக் கடற்படை அணிவகுப்பில் யாரும் கூப்பிடாமலே உள்ளே புகுந்து, துரத்தி வந்த படகுகளுக்கு முன்னால் மணிக்கு 34 கடல் மைல் (நாட்) வேகத்தில் ஓடிக் காட்டினார். கப்பல் இப்போது நியூகாசிலில் டிஸ்கவரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதற்கும் முன்னால் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்று ஒரு விவசாயி. 1837ல் லண்டன் கால்வாயில் மரத் திருகு மாட்டிய படகை ஓட்டிக்கொண்டிருந்தபோது திருகில் பாதி உடைந்து விழுந்தது. படகு வேகம் கூடிவிட்டது. அதுவரை நீளத் திருகுதான் நல்லது என்று நினைத்திருந்தார். நம்ம யார்டில் உடைந்திருந்தால் முதலில் ரிப்போர்ட் எழுதச் சொல்லியிருப்பார்கள்.

மார்ச் 12, இரவு 11.50

டைட்டானிக் விசிறிக்குக் கீழே ஆட்கள் எறும்பு மாதிரி நிற்கும் அந்தப் பிரபலமான படத்தை யாரோ போட்டிருக்கிறார்கள். அது டைட்டானிக் இல்லை, அதன் அக்கா ஒலிம்பிக். டைட்டானிக்கின் விசிறியைப் பொருத்திய நிலையில் எடுத்த படம் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. நடு விசிறிக்கு நான்கு இதழ் என்றே எல்லாரும் வரைந்து வந்தார்கள். கட்டிய பட்டறையின் பழைய குறிப்பேடு ஒன்று மூன்று என்கிறது. சண்டை இன்னும் ஓயவில்லை. அந்த நடு விசிறி மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது.

2011ல் மரீனா பேயில் டைட்டானிக் பொருட்களைக் கொண்டுவந்து வைத்தபோது நானும் போனேன். தட்டு, குப்பி, காலணி. மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு போல்ட்டைக் கண்டால் போதும் என்று தேடிக்கொண்டிருந்தேன். கல் நெஞ்சக்காரன் என்றார் மனைவி.

மார்ச் 13, காலை 7.05

வைத்தால் இப்படி வைக்க வேண்டும் என்று ஒன்று சொல்லுங்கள் என்கிறார் தம்பி. கலிபோர்னியாவில் லாங் பீச்சில் குயின் மேரி. 1967ல் அங்கே போய்ச் சேர்ந்தது. நான்கு விசிறியில் மூன்றைக் கழற்றிவிட்டு ஒன்றை அதன் இடத்திலேயே விட்டிருக்கிறார்கள். கப்பலோடு ஒட்டி வெளியே ஒரு பெட்டி கட்டி, உள்ளே தண்ணீர், விளக்கு. மேலிருந்து குனிந்து பார்க்கலாம். என் மச்சான் பார்த்துவிட்டு வந்து, 'கிணற்றுக்குள் யானை நிற்கிற மாதிரி இருந்தது மாப்பிள்ளை' என்றார். தண்ணீருக்குள், ஷாஃப்ட்டோடு, இருட்டில். பூச்செடி கிடையாது. பிரிஸ்டலில் கிரேட் பிரிட்டன் கப்பலின் பின்னால் இருக்கும் ஆறு இதழ் விசிறியும் அழகுதான், ஆனால் அது நகல்.

மார்ச் 15, இரவு 10.30

'சிங்கப்பூருக்கும் கப்பல் விசிறிக்கும் என்ன?' என்று ஒருவர். அண்ணே, செம்பவாங்கில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கிறீர்கள்.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் 1941 டிசம்பர் 2 அன்று இங்கே வந்தது. 8ஆம் தேதி மாலை ரிபல்ஸ் கப்பலோடு செம்பவாங் கடற்படைத் தளத்திலிருந்து கிளம்பியது. 10ஆம் தேதி மலாயாவின் குவாந்தானுக்கு வெளியே இரண்டையும் ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்தன. 840 பேர் செத்தார்கள். குண்டு போட்டார்கள், டார்ப்பிடோ விட்டார்கள் என்று பள்ளிப் புத்தகத்தில் இருக்கும். விசிறியின் பங்கை எழுத மாட்டார்கள். ஆரம்பத்திலேயே ஒரு டார்ப்பிடோ இடப்பக்கத்து வெளி ஷாஃப்ட்டில் பட்டது. ஷாஃப்ட்டைத் தாங்கும் பிராக்கெட் போய்விட்டது. தாங்க ஆளில்லாத ஷாஃப்ட் முழு வேகத்தில் சுற்றியது. அத்தனை டன் விசிறி கடைசியில் தொங்கிக்கொண்டு ஆடினால் என்ன ஆகும்? கப்பலுக்குள் நீளமாகப் போகும் பாதை முழுவதும் சீல்கள் கிழிந்தன. கடல் அந்த வழியாகவே உள்ளே வந்தது. மின்சாரம் போனது, பீரங்கிகள் திரும்பவில்லை, சுக்கான் கேட்கவில்லை. 2007ல் முக்குளிப்பவர்கள் இறங்கி அந்த இடத்தை அளந்து பார்த்துவிட்டு வந்தார்கள்.

என் அப்பா இங்கே வந்தது 1953ல். தளத்தில் டாக் கூலி. சண்டைக் காலத்திலிருந்தே அங்கே இருந்த பழைய ஆட்கள் அவரிடம் சொன்னார்களாம், 'போகும்போது பார்த்தோம் தம்பி, திரும்பி வந்தது ஆட்கள் மட்டும்தான்.' உயிர் தப்பியவர்களைத் துணைக் கப்பல்கள் சிங்கப்பூருக்குத்தான் கொண்டுவந்தன.

அந்த இரண்டு கப்பலையும் வெடிவைத்து உடைத்து உலோகம் எடுக்கிறார்கள் என்று 2014ல் செய்தி வந்தது. 2023 மே மாதம் ஜொகூருக்குக் கிழக்கே ஒரு சீனத் தூர்வாரிக் கப்பலை மலேசியா மடக்கியபோது பழைய பீரங்கிக் குண்டுகள் அதில் இருந்தன. ஜாவா கடலில் டச்சுப் போர்க்கப்பல்கள் முழுசாகவே காணாமல் போனது 2016ல் தெரியவந்தது. கடலடிக் கப்பலில் திருடன் முதலில் கை வைப்பது விசிறியில். கனமான உலோகம், ஒரே துண்டு, நல்ல விலை.

லிவர்பூலில் மழையில் நிற்கிறதே என்று வருத்தப்பட்டீர்கள். நிற்கிறதே, அதுவே பெரிசு.

மார்ச் 16, அதிகாலை 2.10

நேற்று திருடன் என்று எழுதிவிட்டுப் படுத்தேன். தூக்கம் இல்லை.

யார்டு புல்தரையில் கிடந்த டக் போட் விசிறியை 'யாரோ' வெட்டிவிட்டார்கள் என்று 5ஆம் தேதி எழுதினேன். யாரோ இல்லை. நானும் இன்னும் இரண்டு பேரும்.

1983. இடம் வேண்டும், எடுத்துவிடுங்கள் என்று மேலிருந்து உத்தரவு. பிரிட்டிஷ்காரன் விட்டுவிட்டுப் போனது என்பார்கள். மழைத் தண்ணீர் தேங்கி இதழுக்கு அடியில் தவளை இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அதன் மேல் உட்கார்ந்துதான் பொட்டலத்தைப் பிரிப்போம். முதலில் காஸ் வைத்துப் பார்த்தோம். இரும்பு மாதிரி வெட்டுப்படவில்லை, உருகி வழிந்தது. பிறகு கார்பன் ராடு வைத்துக் கோடு கிழித்து, கிரேனில் கனமான இரும்பைத் தூக்கிப் போட்டு உடைத்தோம். வெள்ளைப் புகை. துத்தநாகம் எரிகிற புகை. முகமூடி என்று தந்தது வெறும் துணி. சாயங்காலம் வாயில் இனிப்பு தட்டியது. ராத்திரி எட்டு மணிக்கு மூன்று பேருக்கும் குளிர் ஜுரம், பல் தந்தியடித்தது. காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்துவிட்டோம். மறுநாள் வேலைக்கு முன்னால் ஆளுக்கு ஒரு டின் பால் குடிக்கக் கொடுத்தார்கள். பால் குடித்தால் புகை ஏறாது என்பது யார்டு வைத்தியம். ஏறியது.

மூன்றாவது நாள் குடம் மட்டும் மிஞ்சியது. கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்தேன், எண்கள் எழுந்து வந்தன. எடை, விட்டம், பிட்ச் (ஒரு சுற்றுக்கு விசிறி முன்னேற வேண்டிய தூரம்), எல்லாம் உளியால் அடித்தது. ஏன் என்று தெரியாது, சட்டைப் பையில் இருந்த கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டேன். அப்புறம் குடத்தையும் உடைத்தோம்.

எனக்கு வந்த ஓவர்டைமில் அம்மாவுக்கு ஒரு மிக்ஸி வாங்கினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 16, இரவு 9.15

திட்டாமல் விட்டதற்கு நன்றி. 'உங்களுக்குப் பதில் வேறொருவர் வெட்டியிருப்பார்' என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஆமாம். ஆனால் வெட்டியவன் நான். அந்த நோட்டு எங்கே என்று தேட வேண்டும்.

மார்ச் 17, மாலை 6.40

ரஜூலா கப்பலின் விசிறி என்ன ஆனது என்று கேட்டிருக்கிறார் ஒரு பெரியவர். ரஜூலாவில் வந்தவர்களின் பிள்ளைகள் நம்மில் பாதிப் பேர் இருப்போம். 1926ல் ஸ்காட்லாந்தில் கட்டி, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970கள் வரை நம்ம ஆட்களைச் சுமந்த கப்பல். உடைத்துவிட்டார்கள். உருக்கியிருப்பார்கள், வேறென்ன? அப்பா டெக் டிக்கெட்டில் வந்தவர். பின்பக்கம் இடம் கிடைத்தது. அலை தூக்கும்போது விசிறி தண்ணீருக்கு வெளியே வந்து வெறுங்காற்றில் சுற்றும், கப்பலே நடுங்கும், தகர டம்ளர் தானாக நடந்து போகும் என்பார். விசிறியை அவர் பார்த்ததில்லை. முதுகுத்தண்டில் ஏழு நாள் உணர்ந்திருக்கிறார்.

நம்ம ஆட்களின் கப்பலிலிருந்து அருங்காட்சியகம் வரை போன உலோகம் ஒன்று இருக்கிறது. நியூசிலாந்தில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கல மணி. முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று தமிழில் எழுத்து. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் அதைப் பார்த்தபோது மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். மணி உடைசல்தான், அடிப்பக்கமே இல்லை. எப்படி அவ்வளவு தூரம் போனது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. எழுத்து மட்டும் அழியவில்லை. அதையும் யாராவது பாலிஷ் போட்டிருந்தால்?

இழை எங்கேயோ போய்விட்டது, தெரிகிறது.

மார்ச் 23, இரவு 10.45

நோட்டு கிடைத்தது. அம்மாவின் பழைய டிரங்குப் பெட்டியில், பாஸ்போர்ட்டுகளுக்கு அடியில். பக்கம் முழுக்க கோப்பிக்கடைக் கணக்கு. ரொட்டி 40 காசு, தேநீர் 30 காசு, ஒருவனுக்குக் கடன் கொடுத்த 5 வெள்ளி, வரவே இல்லை. அடுத்த பக்கத்தில் பென்சிலில் நான்கு வரி. எடையைத் தண்ணீர் அழித்துவிட்டது. விட்டம் பாதி தெரிகிறது. பிட்ச் தெரிகிறது. கடைசி வரி இரண்டே எழுத்து, நான் அடியில் கோடு வேறு போட்டிருக்கிறேன்: எல். எச்.

இடக்கை.

நாற்பது வருஷமாக ஒற்றை விசிறி டக், வலக்கை என்று சொல்லிக்கொண்டு வருகிறேன். இங்கேயும் எழுதினேன். ஃபோர்மன் டக் என்றார், நான் நம்பினேன், வலக்கை என்பதை என் மனசே சேர்த்துக்கொண்டது. ஒற்றை விசிறிக்கு இடக்கை போடுவது அபூர்வம். இரட்டை விசிறிக் கப்பலாகத்தான் இருந்திருக்கும். அதில் பெரும்பாலும் இடப்பக்கத்துக்கு இடக்கை, வலப்பக்கத்துக்கு வலக்கை. நாங்கள் உடைத்தது அதன் இடப்பக்கத்து விசிறி.

அப்படியானால் வலப்பக்கத்து ஜோடி ஒன்று எங்கோ இருந்திருக்கிறது. அதே விட்டம், அதே பிட்ச், ஆர். எச். என்று அடித்து.

நாளைக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு அந்தத் தங்கக் கலர் விசிறியைப் பார்க்கப் போகிறேன். வாய்ப்பு ஒன்றும் பெரிசாக இல்லை, தெரியும். அளவுநாடா எடுத்து வைத்துவிட்டேன்.

மார்ச் 24, மதியம் 12.20

அதுவும் இடக்கை. விட்டமும் ஒத்துவரவில்லை, ஒரு முழம் பெரிசு. காவலாளிக்கு என்னை ஞாபகம் இருக்கிறது. நாடாவின் மறுமுனையை அவர்தான் பிடித்தார். எதற்கு அங்கிள் என்று கேட்டார், தொப்பியைக் காட்டி, சிமென்ட்டைக் காட்டி, எது முன் எது பின் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, 'ஆமா, இந்தப் பக்கம் ஓட்டை பெரிசா இருக்கே' என்றார்.